வடதுருவத்தில் பெய்த மழை

எங்களுக்கு ஒரே மகள். கலியாணமாகிப் பல வருஷம் முருகனை வேண்டிப் பெற்ற பிள்ளை. காலநிலைப் படிப்புப் படித்தவள். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், நாங்கள் குடிவந்த இந்தக் குளிர்நாட்டில், நோர்பரி வீட்டுக் குசினியில் நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, வந்து சொன்னாள்: குளிர்காலம் முழுவதும் வடதுருவத்தில் ஒரு கப்பலில் வேலையாம். பலூன் விட்டுக் காற்றை அளக்க வேண்டுமாம்.

"விசரே உனக்கு? சூரியனே வராத இடத்தில என்னத்தையடி அளக்கப் போறாய்?"

"சூட்டை, அம்மா."

அவளின் அப்பா சிரித்துவிட்டார். "ஐஸுக்க சூடு தேடப் போறாவாம். இஞ்ச ஹீட்டரைக் கூட்டவே உன்ர அம்மா விடமாட்டா."

மகள் சிரிக்கவில்லை. வெயில் கூடிய நாடுகளின் சூட்டைக் காற்று எப்போதும் துருவத்துக்குக் கொண்டுபோகும் என்றாள். இப்போது துருவமே வேகமாகச் சூடாவதால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. அதனால் ஈரமில்லாமல் வெறும் சூடாகப் போவது குறைகிறதாம். ஆனால் உலகம் சூடாகச் சூடாகக் காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்துகொண்டு போகிறதாம்.

"ஈரம் போனா குளிரத்தானே செய்யும்?"

"புட்டு அவிக்கிற இந்த நீத்துப்பெட்டி ஆவி கையில பட்டா என்ன செய்யும்?"

"பொசுக்கும்."

"ஆவி தண்ணியாகேக்க தன்ர சூட்டை உங்கட கையில விட்டிடும். காத்தில இருக்கிற ஈரமும் அங்க போய் மேகமாகேக்க அப்பிடித்தான்."

விளங்கியது. ஆனாலும் விட மனம் வரவில்லை.

"முருகனிட்டப் பூக் கேப்பம். வெள்ளை வந்தாப் போ. சிவப்பு வந்தாப் போகக் கூடாது."

நீத்துப்பெட்டியை இறக்கி வைத்தாள். "ஓம். சிவப்பு வந்தாப் போகமாட்டன்."

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய், இரண்டு பூவையும் தனித்தனிக் கடதாசியில் மடித்துச் சந்நிதியில் வைத்தோம். சிவப்பு வர வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு நானே ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

மகள் வீடு வரும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தாள். அவளுக்கும் பயம்தான் என்று அந்தப் பிடியில் தெரிந்தது. முருகன் சொன்ன பிறகு மறுவார்த்தை ஏது? கம்பளி உடுப்புகளை நானே மடித்து வைத்து அனுப்பினேன்.

அதன்பிறகு விளக்கேற்றும்போதெல்லாம் பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று மட்டும்தான் கேட்டேன்.

தைப்பொங்கலன்று பின்னேரம் கப்பலிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, இஞ்ச மழை பெய்யுது."

"மழையோ? அப்ப குளிர் குறைவுதானே, பிள்ளை?"

"ஓம். அதுதானம்மா. விண்டருக்க இஞ்ச மழை பெய்யக் கூடாது. தெற்கில இருந்து ஈரக்காத்து வந்து, ஐஸெல்லாம் நனைஞ்சு கிடக்கு."

"நீ சுகமோ?"

"நான் சுகம்தான்." சொல்லிவிட்டு அழுதாள்.

சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றேன். நான் கேட்டதைத்தானே தந்திருக்கிறான். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

"அவள் தாங்குவாள் முருகா," என்றேன். "அங்க குளிரட்டும்."