கறவைச் சீலை

அந்த மார்கழியில் எங்கள் தொழுவத்தில் பதினோரு உருப்படிகள் நின்றன. உழவு மாடு நான்கு, கிடேரி மூன்று, சினைப்பசு இரண்டு, கறவையில் ஒரே ஒரு செவலை, அதன் கன்று. பதினொன்றுக்கும் சாணி அள்ளுவது நான். கறப்பது என் மாமியார். யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்த வேலை இல்லை. நான் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் சாணிக்கூடையை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

மார்கழிப் பனியில் கண்மாய்ப் பக்கமிருந்து வரும் காற்று தொழுவத்துக்குள் நேராக நுழையும். பழைய வைக்கோல் தீர்ந்து, புது வைக்கோல் வர தை ஆக வேண்டும். அதுவரை என் கணவர் வரப்புப் புல்லை அறுத்து வந்து போடுவார். அதில் பாதி பனியாகத்தான் இருக்கும். விடியற்காலையில் விரல்கள் மரத்துப்போனால் எனக்கு ஒரே வழி, ஈரச் சாணிக்குள் கையை விடுவது. அதில் நல்ல சூடு இருக்கும். புதுக்கோட்டையில் என்னோடு படித்தவர்களிடம் இதைச் சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள். அதற்காகவே சொல்வேன்.

மாமியார் பனிக்குக் கொங்காணி போட்டுக்கொள்வார். புண்ணாக்கு வந்த சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளினால் தலைக்கும் முதுகுக்கும் ஒரு கூடாரம் ஆகிவிடும். அதுதான் கொங்காணி. புண்ணாக்கு, கோமியம், புகையிலை எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம் அதில் நிரந்தரமாகக் குடியிருந்தது. கறந்து முடித்ததும் அதோடு வந்து என் பிள்ளையைத் தூக்கிக் கொங்காணிக்குள் வைத்துக்கொள்வார். அவன் ஐந்து மாதக் கைக்குழந்தை. பிறகு அவனும் அதே நாற்றம் அடிப்பான். சொன்னால், “மாட்டு வீட்டுல பெறந்த புள்ளைக்கு மல்லியப்பூவா மணக்கும்?” என்பார்.

பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது தாய்ப்பாலையும் கொண்டு போய்விட்டது. அதிலிருந்து அவனுக்குச் செவலையின் பால்தான். தண்ணீர் கலந்து காய்ச்சி, பாலாடையில் ஊற்றிப் புகட்டுவோம். ஆக, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது நெல்லை நம்பி, என் பிள்ளை பிழைத்தது ஒரே ஒரு மாட்டை நம்பி. இது தெரிந்திருந்தும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒருநாள் மாமியார் சினைமாட்டைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில், கொங்காணிச் சாக்கை எடுத்து உவர்மண் போட்டு ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைத்துவிட்டேன். கை நின்றால்தானே. தொழுவத்து ஆணியில் தொங்கிய அவருடைய கைத்துணி, தலைக்கு வைக்கும் பழந்துணி மூட்டை, எதையும் விடவில்லை. எல்லாம் வேலியில் வெள்ளை வெளேரென்று காய்ந்தன. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

திரும்பி வந்து வேலியைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் போடவில்லை.

“என் வாடையே ஒனக்கு ஆகல. அப்ப நான் எதுக்கு?” என்றார்.

மாற்றுச்சீலையை மூட்டையாகச் சுற்றி இடுக்கிக்கொண்டு கீரமங்கலத்துப் பக்கம் நடந்தார். அங்கே அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழு மைல். போகட்டும் என்றுதான் நினைத்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒரு சாக்கைத் துவைத்ததற்கு இத்தனை ரோஷமா என்று என் கணவரிடமும் கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சாயங்காலம் செம்போடு நான் உட்கார்ந்தேன். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினேன். மடி நிறைந்துதான் இருந்தது. நான் கையை வைத்ததும் செவலை திரும்பி என்னை ஒருமுறை முகர்ந்தது, பாலை அப்படியே மேலே எக்கிக்கொண்டது. காம்புகள் வெறும் தோலாகத் தொங்கின. என் கணவர் பின்னங்கால்களைக் கயிற்றால் அணைத்துக் கட்டிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தார். கட்டிய காலோடு உதைத்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். அந்த மாட்டிடம் நான் இரண்டையும் செய்தேன். என்ன பாடினேன் என்று கேட்காதீர்கள்.

“ஆத்தா சீலை ஒண்ணக் கட்டிக்கிட்டு ஒக்காரு. வாடை தெரிஞ்சா விட்டுரும்” என்றார் அவர்.

எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். கறக்கிறவள் பிரசவத்துக்கோ சாவுக்கோ போனால் வேறொருத்தி அவள் சீலையைச் சுற்றிக்கொண்டு உட்காருவாள், மாடு ஏமாந்துவிடும். ஆனால் சீலை வீட்டில் இல்லை. மற்றதெல்லாம் உவர்மண் வாசனையோடு வேலியில் தொங்கியது. அந்த வீட்டில் அவர் வாடை அடிக்கிற ஒரு கந்தல்கூட இல்லாமல் நானே ஒழித்திருந்தேன்.

இரவு ஆட்டுப்பால் வாங்கிக் கொடுத்தோம். விடிவதற்குள் பிள்ளைக்கு வயிற்றோட்டம். மறுநாள் பக்கத்து வீட்டில் அரை ஆழாக்குப் பசும்பால் கொடுத்தார்கள். அவர்களுக்கே மூன்று பிள்ளைகள், மறுபடி எப்படிக் கேட்பது? சோறு வடித்த கஞ்சியைக் கொடுத்தால் துப்பினான். மத்தியானத்துக்கு மேல் அழுவதையும் நிறுத்திவிட்டான். நான் பயந்துபோனேன். அப்போதுதான், “போயி அத்தையக் கூட்டியாங்க” என்றேன். அந்த மூன்று வார்த்தை வாயிலிருந்து வர ஒரு நாள் முழுக்க ஆயிருக்கிறது.

என் கணவர் ஓட்டமும் நடையுமாகப் போய், பொழுது சாய்ந்து வந்தார். தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு சுருட்டிய சீலை.

“வரமாட்டேன்னுருச்சு. இத மாட்டுக்குக் குடுத்துவிட்டுருக்கு. ஒனக்கில்லையாம். தொவைச்சுப்புடாமக் கட்டச் சொல்லுன்னுச்சு.”

காலையிலிருந்து உடுத்தியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் புகையிலை நெடியோடு அதை என் சீலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செவலை முகர்ந்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு விட்டது. செம்பில் பால் விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் வாய்விட்டு அழுதேன். பிள்ளை இரண்டு பாலாடை குடித்துவிட்டுத் தூங்கினான்.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் அந்தச் சீலைதான். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இருபது நாளுக்கு மேல். பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. வேலை ஓடியது. பொங்கல் நெருங்க, கொம்பு சீவுவது, புதுக் கயிறு திரிப்பது என்று என் கணவருக்குக் கை ஓயவில்லை. ஒரு காலை, கடும்பனி. கறந்து முடித்துச் சீலையை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். மாட்டிய கை அப்படியே நின்றது.

அத்தைக்கு மொத்தமே இரண்டு சீலை. உலகச் சண்டை நடந்த வருஷங்கள், துணி கிடைப்பதே பெரும்பாடு. வேலியில் காயப்போட்டு எடுப்பவள் நான், எனக்குத் தெரியாதா? ஒன்று போகும்போது உடுத்தியிருந்தது. மற்றது மூட்டையில் இருந்தது. அதில் ஒன்று இங்கே ஆணியில் தொங்குகிறது. மகளிடம் கேட்டு வாங்கிக் கட்டுகிற ஆளும் இல்லை. மருமகன் வீட்டு நூல் தன் மேல் படக்கூடாது என்பவர். இருபது நாளாக இது என் புத்தியில் ஏறவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே வண்டி கட்டச் சொல்லிப் பிள்ளையோடு போனேன். நாத்தனார், “ஆத்தா ஊருணிக்குக் குளிக்கப் போயிருக்கு” என்றாள். ஊருணிக் கரையில் யாருமில்லாத மூலையில் நின்றிருந்தார். ஈரச் சீலையின் ஒரு பாதியை உடம்பில் சுற்றி, மறு பாதியைக் கருவேலங்கிளையில் கட்டிக் காயவிட்டிருந்தார். அந்தப் பாதி காய்ந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு இந்தப் பாதியைக் காயவிடுவார். உதடு நீலமாக இருந்தது.

என்னைப் பார்த்ததும், “மாடு?” என்றார்.

“கறக்குது அத்தை.”

“புள்ள?”

“இந்தா இருக்கான், பாருங்க.”

சீலையை நீட்டினேன். வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். “இதுல இப்ப ஒன் வாடைதான் அடிக்குது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கிளையை ஒட்டித் திரும்பி நின்று அதைக் கட்டிக்கொண்டார்.

“இத்தனை நாளும் இப்படியா? குளிரலையா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“புள்ள குடிச்சான்ல” என்றார்.

வண்டியில் திரும்பும்போது பனி இறங்கத் தொடங்கியது. மாட்டுக்குத் தவிடு கட்டிவந்த சாக்கு ஒன்று காலடியில் கிடந்தது. அதை உதறி, மூலையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, என் மடியிலிருந்த பிள்ளைக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். சாக்குக்குள் இழுத்துக்கொண்டார். ஊர் வரும்வரை அவன் அதற்குள்ளேயே தூங்கினான்.