தமயந்தியின் ரைட் கிளிக்

தமயந்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அந்தக் காண்ட்ராக்ட் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். வராமல் என்ன செய்யும்? நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கரி வாரும் ஆட்களின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. மைன்ஸுக்கு நிலம் கொடுத்த குடும்பம் இல்லை அவளுடையது. கொடுக்க நிலமே இருந்ததில்லை. அதனால் நிலத்துக்குப் பதிலாகக் கிடைக்கிற பெர்மனென்ட் வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை. நாற்பதை நெருங்குகிறாள். கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டாள். சேத்தியாத்தோப்பு போகிற வழியில் ஓர் ஓட்டு வீடு, ஒரு கட்டில், ஒரு டிவி. ஷிப்ட் முடிந்ததும் கிடைக்கிற சாயங்காலம்தான் அவளுடைய சொத்து. அதில்தான் சூப்பர்வைசர் சிங்காரவேல் கை வைத்தார்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. நெய்வேலியில் ‘ஷட்டவுன்’ என்றால் மின் நிலையத்தில் யூனிட் நிற்கிறது, இல்லையென்றால் மைன்ஸில் பெல்ட் நிற்கிறது, பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாள் தமயந்தி வேலையை முடித்து, கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு சிங்காரவேலுக்குப் போன் போட்டாள். “ஷட்டவுன் பண்ணிட்டேன் சார், கெளம்பிகினு இருக்கேன்.”

அவர் அப்போது வடலூரில், மச்சான் பெயரில் நடத்துகிற உரக்கடையில் உட்கார்ந்திருந்தார். டியூட்டி நேரத்தில்தான்! பஸ் இரைச்சலில் ‘ஷட்டவுன்’ மட்டும்தான் காதில் விழுந்தது. பெல்ட் நின்றுவிட்டது என்று பதறி, மேலதிகாரிக்குப் போன் அடித்துவிட்டார். அதிகாரி ஓடிப்போய்ப் பார்த்தால் பெல்ட் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் சிங்காரவேல் வாங்கிய டோஸ் இருக்கிறதே, அப்பப்பா!

தன் தப்புக்கு அவளைத் தண்டித்தார் மனுஷர். கம்ப்யூட்டர் கடை ஆளைக் கூட்டிவந்து, அவளுடைய லாகினில் ஆஃப் பண்ணுகிற பட்டனே கண்ணில் படாதபடி மறைத்துவிட்டார்.

“இனிமே நான் வந்து என் லாகின்ல ஆஃப் பண்ணுவேன். அதுவரைக்கும் நீ இருக்கணும்.”

கம்ப்யூட்டர் ஓடும்போது அறையைப் பூட்டக்கூடாது, பூட்டாமல் யாரும் கிளம்பக்கூடாது. இது அந்த ஆபீஸ் சட்டம். ப்ளக்கைப் பிடுங்கலாம்தான். ஆனால் அதில் வருகைப் பதிவு கெட்டுப்போனால் வயிற்றில் அடி விழுவது கரி வாருகிறவர்களுக்கு. சிங்காரவேல் கடை வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஆடி அசைந்து வருவதற்குள் ஐந்தரை பஸ் போயே போய்விடும்.

“அந்த பஸ்ஸ வுட்டா நான் வூடு சேர ராத்திரி ஆயிடுது சார்,” என்றாள்.

“அப்படி என்ன அவசரம்? வூட்ல புள்ளயா அழுவுது?”

தமயந்திக்குச் சுருக்கென்றது. பிள்ளை இருந்தால்தான் ஒரு மனுஷிக்கு வீடு உண்டா?

“புள்ள இல்ல சார். சும்மா கட்டில்ல கால நீட்டிக்கினு டிவி பாப்பேன். அது என் நேரம்.”

“மாசக் கடைசியில ஆளுங்க காண்ட்ராக்ட்ட புதுப்பிக்கணும். பாத்துப் பேசு.”

அன்றைக்கும் ராத்திரி பஸ்தான் கிடைத்தது. பஸ்ஸில் போனை நோண்டி ஒரு வீடியோவைப் பிடித்தாள். பட்டனைத்தான் மறைத்திருக்கிறார்கள், ஆஃப் பண்ணுகிற கட்டளை உள்ளே அப்படியே இருக்கிறது. டெஸ்க்டாப்பின் வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்தால் ஒரு மெனு விழுகிறதே, அதில் நாமே வரி சேர்க்கலாமாம். கம்ப்யூட்டரின் செட்டிங்கெல்லாம் பதிந்திருக்கிற ரிஜிஸ்ட்ரி என்ற இடத்துக்குள் போய், வரியின் பெயரை ஓரிடத்திலும் கட்டளையை இன்னோரிடத்திலும் எழுத வேண்டும்.

மறுநாள் ஆபீஸில் எழுதிப் பார்த்தாள். முதல் தடவை கட்டளையில் ஓர் எழுத்து மாறிப்போயிற்று. அணைய வேண்டிய சனியன் அணைந்து மறுபடி எரிந்தது.

“உனக்கும் அந்தாளு புத்திதானா?” என்று கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டுத் திருத்தினாள்.

பெயர் வைக்கிற இடத்தில் ‘ஷட்டவுன்’ என்று அடிக்கத்தான் கை போனது. அந்தச் சொல்லால் பட்டது போதாதா! ‘வூட்டுக்குப் போறேன்’ என்று அடித்தாள். ரீஸ்டார்ட்டுக்கு ‘மறுபடி எழுந்திரு’, ஸ்லீப்புக்கு ‘கொஞ்சம் கண்ணசரு’. படித்துப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் தனகோட்டியிடம் சாவியை நீட்டினாள்.

“சார் வந்துட்டாரா?” என்றார் அவர்.

“அவரு எதுக்குங்க? நானே ஆஃப் பண்ணிட்டேன்.”

சில நாள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய சிங்காரவேல், ஒரு நாள் கடையை விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்து நின்றார். அவள் பதிவையெல்லாம் சேவ் செய்துவிட்டு ரைட் கிளிக் செய்திருந்தாள். மெனுவைப் பார்த்ததும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“யாரக் கேட்டு இத வச்ச?”

“யாரக் கேட்டு சார் அத எடுத்தீங்க?”

“இப்பவே அழி! இல்லன்னா மாசக் கடைசியில உன் பேரு லிஸ்ட்ல இருக்காது.”

வேலை போய்விடும் என்று தமயந்திக்குத் தெரியும். ஆனாலும் குரல் இறங்கவில்லை.

“என் கையால அழிக்க மாட்டேன். எட்டு மணி நேரத்துக்குத்தான் சார் நான் உங்க ஆளு. வேலய வேணா எடுத்துக்குங்க. சாயங்காலத்தக் குடுக்க மாட்டேன்.”

“எந்திரி, நானே அழிக்கிறேன்!”

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ‘வூட்டுக்குப் போறேன்’ மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்து, அழுத்தினால் அழிந்துவிடும் என்ற நினைப்பில் நசுக்குகிற மாதிரி ஓங்கி அழுத்தினார்.

திரை இருண்டது. கம்ப்யூட்டர் ஃபேன் சத்தமும் அடங்கியது.

“என்னாச்சு?”

“ஷட்டவுன் ஆயிடுச்சு சார்.”

தமயந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

“வெளிய வாங்க சார், ரூமப் பூட்டணும். பஸ்ஸு வந்துகினு இருக்குது.”