எடுத்தவர் என்ற கட்டம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாப்பு வரைக்கும்தான் படிப்பு. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஸ்டுடியோவில் நெகட்டிவ் கவர் மேல் எழுதிய நம்பரும் ஊர்ப்பேரும்தான். மறதி வேறு வந்துவிட்டது. சொல்வது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நூலகர் அம்மாவை நினைத்தால், ஸ்கேனர் மூடியின் இடுக்கில் ஊர்ந்துபோகும் வெள்ளை வெளிச்சம்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது. ஒவ்வொரு படத்தையும் கண்ணாடி மேல் வைக்கும் முன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வார். நான் அங்கே கூட்டிப் பெருக்கப் போனவள். உத்தமபாளையத்து ஸ்டுடியோவில் பல வருசம் படம் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும், துடைப்பத்தை ஓரமாக வைக்கச் சொல்லிப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். அதில் முழுசாக உட்கார எனக்கு ஒரு மாதம் ஆனது.

அனுமந்தன்பட்டியின் பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். கல்யாணப் படம், சர்ச்சில் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் படம், தேர்ப் படம் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கினோம். மூடிப்போன ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டிகளையும் முதலாளியின் மகன் மனசாரக் கொடுத்துவிட்டார். முதலாளி காலமாகிவிட்டார், அதே இடத்தில் மகன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி. அந்த வரியில் கட்டம் கட்டமாக: படத்தில் யார், எந்த இடம், எடுத்தவர் யார், உரிமை யாருடையது, யாரிடம் கேட்டோம். எல்லாக் கட்டமும் நிரம்பாமல் ஒரு படத்தையும் வெளியே விட மாட்டார். வாட்ஸ்அப்பில் வந்ததை யாராவது கொண்டுவந்து கொட்டினால், ‘கேட்காதவை’ என்ற தனி ஃபோல்டருக்குள் போய்விடும். “கையில கெடச்சதெல்லாம் நம்மளுது ஆயிருமாக்கா? எடுத்தவுக ஒருத்தர் இருப்பாகல்ல?” என்பார்.

பேர் எழுதுவதில்தான் முதல் சிக்கல் வந்தது. எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அந்தோணி, பாதிப் பெண்கள் ஆரோக்கியம். அந்தோணி என்று தேடினால் திரை நிறைய அந்தோணிகள் வந்து நின்றார்கள். பட்டப்பேரையும் சேர்த்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும் என்றேன். சோடாக்கடை அந்தோணி, மாட்டுத்தரகு அந்தோணி என்று சேர்த்துக்கொண்டே போனோம். ரெட்டமண்டை அந்தோணியின் பேத்தி மட்டும் சண்டைக்கு வந்துவிட்டாள். “எங்க தாத்தாவுக்கு ஒரு மண்டைதான்!” அவள் வீட்டில் கேட்டு, ‘மேலத்தெரு’ என்று மாற்றினோம்.

தப்பு வராமல் இருக்க என்ன வழி என்று நூலகர் அம்மா ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சர்ச்சுக் கோயிலில் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதைச் சொன்னேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பூசையில் வாசிப்பார்கள். அதேபோல் படத்தை விவரத்தோடு நூலகப் பலகையில் மூன்று ஞாயிறு ஒட்டிவைத்தால், தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்களே. அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்ததும் பலகை முன்னால் நின்று சத்தமாக வாசிப்பார். யாரும் மறுக்காவிட்டால் அந்த வரி முடிந்தது. பிறகு அழிக்க மாட்டார். யோசனை சொன்னது நான். மாட்டிக்கொண்டதும் நான்.

ஸ்டுடியோ பெட்டியில் நடவுப் படம் ஒன்று இருந்தது. முழங்கால் சேற்றில் ஆறு பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் நாற்றோடு, வாய்விட்டுச் சிரிப்பார்கள். கம்பத்து அச்சகக்காரர் ஒருவர் நூலகத்தில் அதைப் பார்த்துவிட்டுக் காலண்டரில் போடக் கேட்டார். “நெட்டுல கெடந்தா அப்படியே எடுத்துக்கிருவோமே” என்று அவர் சிரித்ததற்கு, “இது கெடக்கல சார், இருக்கு” என்றார் நூலகர் அம்மா. உரிமைக்காரரின் கையெழுத்து வேண்டும், எடுத்தவர் பேரைப் படத்துக்குக் கீழே அச்சடிக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். படம் பலகைக்கு வந்தது. ஸ்டுடியோ நெகட்டிவ் என்பதால், எடுத்தவர்: முதலாளியின் பேர்.

அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

முதல் ஞாயிறு வாய் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. எனக்குச் சோறு போட்ட மனுசர் அவர். செத்துப்போனவர் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. வாழ்க்கையில் நான் செய்ததில் நாலு பேர் நின்று பார்க்கும்படியாக இருப்பது அது ஒன்றுதான். அதுவும் வேறு பேரில் வீட்டுக்கு வீடு தொங்கப் போகிறது.

மூன்றாவது ஞாயிறு நல்ல கூட்டம். அச்சகக்காரரும் முதலாளியின் மகனும் வந்திருந்தார்கள். நூலகர் அம்மா வாசித்து முடித்துவிட்டு, “தடை இருந்தாச் சொல்லுங்க” என்று வழக்கம்போலச் சுற்றிப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னாலிருந்து, “தடை இருக்கு” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். ஒருத்தர், “ஏத்தா, இந்த வயசுல எந்த மாப்பிள்ளைக்குத் தடை சொல்ற?” என்று கேட்க, கூட்டம் சிரித்தது. தூணை விட்டு வெளியே வந்தேன். “படத்த எடுத்தது நான்” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

படத்தில் இடது ஓரம் நிற்பவள் என் மதினி. அவள் முன்னால் வந்தாள். “ரெண்டு வாரமா இவ வாயத் தெறக்குறாளான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். கேமராவத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுச் சேத்துல பொத்துன்னு உக்காந்தாளே, அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. ஆம்பள நின்னா நாங்க இப்படியா பல்லக் காட்டுவோம்?”

மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. “அத்தை, தப்பா நெனைக்காதீக. அப்பா கேமராவ என்னையவே தொட விடமாட்டாகளே. மதினியும் நாத்தனாருமாச் சேந்துக்கிட்டு…” என்று இழுத்தார்.

“அப்பாவுக்கு அன்னைக்கு அம்மை போட்டிருந்துச்சுய்யா. அதான் கேமராவ என் கையில குடுத்து அனுப்புனாக. நெகட்டிவ்ல இதுக்கு முந்துன படத்தப் பாருங்க” என்றேன்.

நூலகர் அம்மா கவரைத் தேடி எடுத்து, அந்தத் துண்டை ஸ்கேனரில் வைத்தார். கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்றித் திரையில் காட்டினார். வேப்பிலைக்கு நடுவில் பாயில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, கையை ஓங்கித் திட்டிக்கொண்டிருந்தார் முதலாளி. எப்படித் திருக வேண்டும், எங்கே அமுக்க வேண்டும் என்று அவர் பாயிலிருந்தே சொல்லிக்கொடுத்தபோது, நான் தெரியாமல் அமுக்கிய படம் அது. ‘ஒரு ஃபிலிம வீணாக்கிட்டியே’ என்ற திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. வயலைப் படம் பிடிக்கச் சொன்ன நிலக்காரர், “வயலக் காணோம், பொம்பளைகதான் இருக்காக” என்று படத்தை வாங்காமலே போய்விட்டார்.

மகன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். “அப்பாவேதான். இப்படித்தான் திட்டுவாக.”

வேலைக்கு இருந்தபோது ஸ்டுடியோவுக்காக எடுத்ததால் உரிமை ஸ்டுடியோவுக்கு, எடுத்த பேர் எடுத்தவருக்கு என்று நூலகர் அம்மா பிரித்துச் சொன்னார். மகன் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, “பேர் அத்தையோடதுதான் வரணும்” என்று அச்சகக்காரரிடம் அழுத்திச் சொன்னார். நூலகர் அம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, “முழுப்பேரு சொல்லுங்கக்கா” என்றார். அத்தனை காலமும் அவருக்கு நான் அக்கா, மற்றவர்களுக்கு ஆத்தா, அத்தை. “சவேரியம்மாள்” என்றேன், தூண் பக்கம் போகாமல், எல்லாருக்கும் கேட்கும்படி. ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ஏறியது. மதினி விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

காலண்டர் வந்தது. நூலகர் அம்மா இப்போது மாற்றலாகிக் கடமலைக்குண்டு பக்கம் போய்விட்டார். படங்களின் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். நடவுப் படத்தில் ஐந்து பேரின் பேர் எழுதியாகிவிட்டது, ஆறாவது ஆளுக்கு ‘பேர் தெரியவில்லை’ என்று எழுதித்தான் அந்தக் கட்டத்தை நிரப்பினோம். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் மட்டும் ஜெயமங்கலத்திலிருந்து விருந்தாடி வந்தவள் என்று எனக்கு ஞாபகம். மதினி இல்லை என்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்து சரிபார்த்துச் சொல்லுங்கள். அவளே உயிரோடிருந்தால் அவளே வரட்டும். கூச்சப்பட வேண்டாம். கூட்டத்தில் வாய் திறப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நான் திறந்து பார்த்துவிட்டேன்.