நாற்காலிக்கடியில் ஒரு தாளம்

நாலு இருபதுக்கு நிலைமை கைமீறத் தொடங்கியது. அத்தையைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வந்தவர்கள், அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்களவர்களிடம் பெண் பார்ப்பது ஜெபத்தில் ஆரம்பிக்கும். பிறகு பெண் ஒரு கீர்த்தனை பாட வேண்டும். எந்தக் கீர்த்தனை என்பதை அம்மா முன்பே முடிவு செய்திருந்தாள். எல்லாச் சரணமும் பாடினால் பஜ்ஜி ஆறிவிடும் என்று பாதியோடு நிறுத்தவும் சொல்லியிருந்தாள். அத்தை வாயைத் திறந்தபோது மாப்பிள்ளையின் அம்மா கையமர்த்தினார்.

"கீர்த்தனைதான் வாராவாரம் சர்ச்ல கேக்கறோமே. உனக்குப் புடிச்ச பாட்டு இன்னாவோ, அதைப் பாடும்மா."

அப்பாவின் முகம் மாறியது. அத்தை அவருடைய ஒரே தங்கை. சனிக்கிழமை சாயங்காலங்களில் நகரத்து ஓட்டல் ஒன்றில் ஆங்கில பாப் பாட்டுகளும் ஜாஸும் பாடிவந்தாள். கூட வாசித்த ஒருவர் கொடுத்த பிரேசில் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு, அந்தத் தாளத்தில் தமிழில் சொந்தமாகப் பாட்டுக் கட்டவும் தொடங்கியிருந்தாள். கல்யாணத்தோடு இதெல்லாம் தானாக நின்றுவிடும் என்று அப்பா நம்பினார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அத்தை திரும்பும் ரயில் வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டேஷனில் நிற்பவர். நின்று நின்றே பயந்துபோனவர்.

"அவளுக்கு வேற பாட்டு தெரியாதுங்க" என்றார்.

"தெரியும்ப்பா, அத்தையே பாட்டு எழுதுமே" என்றபடி, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த கிதாரை இழுத்து வந்தேன். கூடவே என் வாத்தியத்தையும்: துவரம்பருப்பு போட்ட பால்பவுடர் டப்பா. அத்தை வீட்டில் பாடிப் பழகும்போது அதைக் குலுக்குவது என் வேலை.

அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. ரயில் வருகிறது, அவள் ஏறவில்லை, அவ்வளவுதான் கதை. பக்கத்திலிருப்பவரிடம் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில் பாடினாள் அத்தை. கிதார் முன்னே போக, குரல் சற்றுப் பிந்தி, சாவகாசமாக வந்து சேர்ந்தது. நான் தரையில் உட்கார்ந்து குலுக்கினேன். பாட்டு முடிந்தது.

"இன்னாம்மா, எப்ப ஆரம்பிக்கப் போற?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். மாப்பிள்ளை மிக்சரைப் பார்த்துச் சிரித்தார்.

தரையில் இருந்த எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்தது. நாற்காலிக்கடியில் மாப்பிள்ளையின் அம்மாவுடைய குதிகால் பாட்டு முழுக்கத் தாளம் போட்டது, அதுவும் என்னைவிடச் சரியாக. பாட்டு நின்ற பிறகும் கொஞ்சம் போட்டது. இந்தக் கல்யாணம் நடந்தே தீரும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் சொன்னார்: "எங்களுக்குப் புடிக்கலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா கிதாரை உறைக்குள் போட்டார். "நாளைக்கு இதை யாருக்காவது குடுத்துடறேன். இனிமே இந்த வீட்டுல பாட்டு கிடையாது." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை அழவில்லை. ஆறிப்போன பஜ்ஜித் தட்டை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் என் மகள், கல்லூரியை விட்டுவிட்டு மும்பையில் இருக்கும் அத்தையோடு சேர்ந்து பாடப் போவதாகச் சொன்னாள். என் வாயிலிருந்து வந்தது அப்பா அன்று கடைசியாகச் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறாமல். அத்தையின் பிழைப்பு எனக்குத் தெரியும். யாரும் கவனிக்காத ரிசப்ஷன் மேடைகள், விலைபோகாத கேசட்டுகள், தலை நரைத்த பிறகு வந்த பெயர். பிரேசிலில், சாவோ பாலோ நகரத்தில், தமிழ் தெரியாத கூட்டம் அந்த அண்ணனூர்ப் பாட்டைக் கூடவே பாடும் வீடியோவை மகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். அதற்கு முந்தைய வருஷங்களுக்கு வீடியோ இல்லை. அவை என் கண்ணுக்கு மட்டுமே தெரிகின்றன.

பெண் பார்க்க வந்த அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து நின்றார். குடையை மறந்து வைத்துவிட்டாராம். நாற்காலி முதுகில் எல்லோருக்கும் தெரிகிறபடி அது தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்காமல் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க காலு தாளம் போட்டுச்சு, நான் பாத்தேன். அப்பறம் ஏன் புடிக்கலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டு, அத்தையிடம் பதில் சொன்னார். பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்கிற பெரியவர்கள்மீது அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவிடம் ஓடி, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்:

"எங்க ஊட்டுக்கு வந்தா உன்னைப் பாட உடமாட்டாங்க, கண்ணு. நான் பாட்டை நிறுத்துனது போதும்."