முட்டையிட வந்த ஆமையும் எங்கள் அண்ணனின் சாவும்

எங்கள் அண்ணனைக் கொன்றது காய்ச்சல் அல்ல. ஊர்க் கவுண்டரே, உங்கள் வாய்ச்சொல்தான் கொன்றது. முதலாண்டு நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

அண்ணன் மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு மீசை அரும்பவில்லை. சாமையும் தினையும் விதைத்து எங்களை வளர்த்தார். என்னை அடிவாரத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். மிளகுப் பொதி மாட்டோடு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கும்போது தடத்தில் ஆமை குறுக்கிட்டால், மாட்டை நிறுத்தி, அது போக நினைத்த பக்கத்திலேயே தூக்கி விடுவார்.

"ஏனுங்க, ஆமை போற வரைக்கும் நாங்க நிக்கோணுமா?" என்று பின்னால் வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"அதுக்கு முட்டுவலிங்க. செத்த பொறுங்க," என்பார்.

வாசலுக்கு ஆமை வந்தால் குடும்பம் கெடும் என்பது எங்கள் ஆட்களின் பயம். கூடையில் தூக்கிப் போய்ப் பக்கத்துப் பைல் நாட்டு எல்லையில் எறிந்துவிட்டுத் தலைமுழுகுவார்கள். பைல் நாட்டார் அதையே இந்தப் பக்கம் எறிவார்கள். ஓடு உடைந்து சாகும்.

சென்ற ஆண்டு மழையில் ஓர் ஆமை எங்கள் வாசலோரம் குழி பறித்து முட்டையிட்டது. அண்ணன் சுற்றிலும் முள் அடைத்தார். நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல். அடிவார ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கி இறங்க நான்கு பேர் வேண்டும். அண்ணி கவுண்டரிடம் ஓடினார்.

"முட்டையத் தோண்டி எல்லையில போட்டுட்டு வா. அதுவரைக்கும் எவனும் தோள் குடுக்கக் கூடாது," என்றார் கவுண்டர்.

அண்ணி மண்வெட்டியை எடுத்தார். படுத்திருந்த அண்ணன், "வெய்யி புள்ள. அதும் பெத்தவதான். காச்சல் நாளைக்கு எறங்கீரும்," என்றார்.

நான் அன்று ஊரில் இருந்திருந்தால் தோண்டி எறிந்திருப்பேன். முட்டையைவிட எனக்கு அண்ணன் பெரிது. அவர் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்துச் செய்தி கேட்டுப் பைல் நாட்டிலிருந்து நான்கு பேர் வந்து தூக்கினார்கள். பாதி இறக்கத்தில் மூச்சு நின்றது. அந்த நால்வருக்கும், அண்ணிக்குத் துணையிருந்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் நன்றி சொல்ல வேறு ஆள் இல்லை.

கவுண்டரே, அதே மாதம் உங்கள் வீட்டிலும் இருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். உங்கள் வாசலுக்கு எந்த ஆமையும் வரவில்லை. அவர்களைத் தூக்கத் தோள் இருந்தது, பிழைத்தார்கள். இந்த மலர் உங்களுக்கும் வரும். யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வருகிற நாட்டுக்கூட்டத்தில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று சொல்லுங்கள்: எங்கள் ஊரிலேயே தோள் கொடுக்க இருந்த நான்கு பேரை ஏன் தடுத்தீர்கள்?