பெட்டி சொன்ன கியரும் முருகேசன் போட்ட கியரும்

இன்று காலை பஸ் வராததால் பள்ளங்கி ஊர்க்காரர் முருகேசன் ஓட்டும் கேரட் லாரியில் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். லாரி கம்பெனியுடையது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சற்று உறுமினாலும், டீசல் வீணாகிறது என்று அது பேசத் தொடங்கிவிடும்; ஓட்டி முடித்ததும் மார்க்கும் போடும்.

"கியரை உயர்த்தவும்."

முருகேசன் செகண்ட் கியரிலேயே இருந்தார். பாரத்தோடு இறங்கும்போது பெரிய கியர் போட்டால் வண்டியைப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். அது சூடேறிப் பிடிக்காமல் போனால் அடுத்த வளைவில் பள்ளம்தான்.

"கியரை உயர்த்தவும்."

"நீ வேணா எறங்கி நடந்து வா" என்றார் பெட்டியிடம்.

போன் வந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். சென்னை ஆபீசிலிருந்து ஓர் இளைஞர்.

"அண்ணே, மார்க் ரொம்பக் கம்மி. இப்படியே போனா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"குடுங்க தம்பி. அந்த ஆளையும் செகண்ட்லயே எறங்கச் சொல்லுங்க. அவனும் பிள்ளகுட்டிக்காரனாத்தான் இருப்பான்."

கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்கு, பென்சில் அதிகம் தேய்ந்துவிட்டது என்று முட்டை போடுவது போல இருந்தது எனக்கு.

வத்தலக்குண்டில் பெட்டி அறிவித்தது: "இன்றைய மதிப்பெண் நூற்றுக்கு முப்பத்தொன்று."

முருகேசன் அவராகவே ஆபீசுக்குப் போன் போட்டார்.

"தம்பி, கேரட் வந்துருச்சு. நானும் உசுரோட வந்துட்டேன், கூட வந்த வாத்தியாரும் முழுசா இருக்காரு. நாளைக்கும் செகண்ட் கியர்தான். வண்டியப் புடுங்குறதுன்னா வெள்ளனே சொல்லிருங்க, வேற சோலி பாக்கணும்."

மார்க் போடும் மகராசன் ஒரு முறை இந்த லாரியில் உட்கார்ந்து மலை இறங்கட்டும். சரி, வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக உங்களில் யாருக்கெல்லாம் மார்க் குறைந்திருக்கிறது?