மூன்று விரல் தண்ணீர்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு மரத்துண்டின் நுனி. அணையின் மதகுப் பலகைக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே அது ஆப்பாகச் செருகப்பட்டிருந்தது. அதன் இருபுறமும் தண்ணீர் தகடாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஓடைக்குள் இறங்கி, கை மரத்துப்போவதற்குள் ஆப்பை ஒட்டி விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நான்கு. கரையேறி நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஆறு நாற்பது, யூகலிப்டஸ் ஆப்பு, நான்கு விரல்.

தேவிகுளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். ஐம்பதுகளின் முற்பகுதி. அந்த மலைகள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. நான் தோட்ட ஆபீசில் எழுத்தர். பத்திரிகை வேலைக்குப் போனது அதற்குப் பிறகு.

அணை சிறியது. துரைமார் படகு விடுவதற்காகக் கட்டியது. அணைக்குக் கீழே ஓடும் ஓடையில் அவர்கள் தூண்டில் போடுவதற்காக டிரவுட் மீன் வளர்த்தார்கள். படகுக்குத் தண்ணீர் மேலே நிற்க வேண்டும், மீனுக்குக் கீழே ஓட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரு மதகு, ஒரு சக்கரம், அதைச் சுற்ற ஒரு ஆள். தோட்டத்தில் எல்லோரும் அவரை மதகுக்காரர் என்றுதான் சொன்னோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலை போட வந்து, பல வருடம் கல் உடைத்துவிட்டு, மதகுக்கு வந்தவர். அணையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மனைவியோடு அதில் இருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

மீன் காரியங்களைக் கவனித்த துரையை நாங்கள் மீன் துரை என்போம். குளிர்காலத்தில் டிரவுட் ஓடையின் கூழாங்கற்களுக்கு இடையில் முட்டையிடும். அந்த மாதங்களில் மதகை முழுக்க மூடக்கூடாது, மூன்று விரல் திறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. மதகுக்காரருக்கு அளவுகோல் படிக்கத் தெரியாது. துரை அவர் கையைப் பிடித்து மூன்று விரலை நிமிர்த்திக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து மதகுக்காரர் தினமும் காலையில் ஓடைக்குள் இறங்கிக் கல்லைப் புரட்டாமல் குனிந்து முட்டைகளைப் பார்ப்பார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"ஏன் மாமா, மீனுக்குப் பேறுகாலமா? மருந்து இடிச்சுத் தரட்டா?"

"ஒனக்கு இடிச்சதுல மிச்சமிருந்தா குடு தாயி" என்பார், தலையைத் தூக்காமலே.

அந்த மீனைத் தொழிலாளிகள் தொடக்கூடாது. பிடித்தால் வேலை நீக்கம்.

அந்த வருடம் மீன் துரை விடுப்பில் சீமைக்குப் போயிருந்தார். புதுவருடப் படகுப் போட்டிக்கு ஏரியில் தண்ணீர் அணைச் சுவரில் போட்டிருந்த வெள்ளைக் கோடுவரை ஏற வேண்டும், மதகை முழுக்க மூடு என்று படகுச் சங்கத்துத் துரை சீட்டு அனுப்பினார். ஆங்கிலச் சீட்டை நான்தான் மதகுக்காரருக்குப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சீட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"மூடுனா முட்டை செத்துரும்யா. மீன் துரை வந்து கேட்டா நான் யாரைக் காட்டட்டும்?"

 சீட்டில் இருந்ததைச் சொல்வதுதான் என் வேலை என்றேன்.

மூன்று நாளாகியும் தண்ணீர் கோட்டுக்கு ஏறவில்லை. தோட்டத்து வேலைகளை மேற்பார்த்த கண்டக்டர் என்னைக் கூப்பிட்டு, போய்ப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எழுதினேன். அன்று ஆறு நாற்பதுக்கு அளந்து எழுதிய அறிக்கை எட்டு மணிக்குப் பெரிய துரையின் பங்களாவுக்குப் போனது.

ஒன்பது மணிக்கு மதகுக்காரர் ஆபீசுக்கு வந்தார். பிடுங்கிய ஆப்பு என் மேசைமேல் ஈரத்தோடு கிடந்தது. கண்டக்டர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மூணுன்னா மீன் துரை உத்தரவுன்னு சொல்லி நான் பேசிப் பாத்திருப்பேன்யா. நீ நாலு வச்சிருக்க. இது யாரு உத்தரவு?"

"மூணுதான்யா வச்சேன்."

"நாலுன்னு எழுதியிருக்கே."

மதகுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து, வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்து ஆப்பின்மேல் வைத்தார். கல் உடைத்துப் பருத்த விரல்கள். விளிம்புக்கு விளிம்பு சரியாக இருந்தது. கண்டக்டர் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்த்தது நான் மட்டும்தான். இன்னொரு சீட்டு எழுதி அனுப்ப நேரம் இருந்தது. பங்களா கூப்பிடு தூரம். எழுதினது பிழை என்று துரையிடம் சொல்ல அந்த இருபத்திரண்டு வயதில் எனக்குத் தைரியம் வரவில்லை. நான் அளந்தேன், நான்கு வந்தது, அதை எழுதினேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மத்தியானம் பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் ஒரு தகரப் பெட்டியையும் இரண்டு பானைகளையும் எடுத்துக்கொண்டு போடிக்கு இறங்கும் பாதையில் நடந்தார்கள். அந்த அம்மா ஆபீஸ் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

"அந்த மீனுல ஒரு துண்டு வாயில வச்சதில்லய்யா நாங்க" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மதகை முழுக்க மூடினார்கள். ஓடை வற்றிக் கூழாங்கற்கள் காய்ந்தன. மிளகளவில் ஆரஞ்சு நிறத்தில் இருந்த முட்டைகள் சோறு மாதிரி வெளுத்தன. புதுவருடத்தன்று தண்ணீர் கோட்டில் நின்றது, படகுகள் ஓடின. மறுநாள் புது ஆள் சக்கரத்தை ஒரே மூச்சில் சுற்றிவிட்டான். பாய்ந்த வெள்ளம் முட்டைகளைக் கல்லோடு வாரிக்கொண்டு போனது.

கோடையில் மீன் துரை திரும்பி வந்தார். முட்டைகள் என்னவாயின என்று கேட்டார். அடுத்த குளிர்காலத்தில் நீலகிரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நான்தான் தட்டச்சு செய்தேன். ஈரப் பாசியில் பொதிந்த முட்டைகள் தகர டப்பாவில் லாரியில் வந்து இறங்கின. மதகுக்காரரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆப்பை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருந்தேன். வேலையை விட்டு வந்தபோது பெட்டியோடு அதுவும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தேன். மற்றவர்கள் எழுதிய செய்தியில் நீளம், அகலம், நேரம் எல்லாம் சரியா என்று பார்ப்பது என் பொறுப்பு. போடியில் இரண்டு முறை விசாரித்தேன். அப்படி ஒரு குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை.

இன்று காலை ஆறு நாற்பதுக்கு அந்த ஆப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் விரல் மூட்டுகள் இப்போது வீங்கிப் பருத்துவிட்டன. சேர்த்து வைத்துப் பார்த்தேன். மூன்று.